சாவடிப் பொறுப்பாளரின் கணக்கு

நல்ல சமாரியர் உவமையைப் பற்றி நாம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றி வருகிறோம். விலகிச் சென்ற குருவைச் சாடியிருக்கிறோம்; லேவியரைச் சாடியிருக்கிறோம்; எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டிய அந்த வேற்றினத்தாரைப் பற்றி உருகிப் பேசியிருக்கிறோம். ஆனால் உவமையின் கடைசி வரிகளில் இன்னும் ஒருவர் நிற்கிறார். அவரை எந்த ஞாயிறும் நாம் நினைவுகூர்ந்ததில்லை. அவர்தாம் சாவடிப் பொறுப்பாளர்.

லூக்கா நற்செய்தியாளர் இங்கே ஒரு சிறு சொல்லைக் கவனத்தோடு வைத்திருக்கிறார். குற்றுயிராய்க் கிடந்தவரைச் சமாரியர் சாவடிக்குக் கொண்டுபோய்க் கவனித்துக்கொண்டது முதல் நாள். இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்ததும், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்களித்ததும் ‘மறுநாள்’. இரவில் கதவு திறந்தது. கணக்கு மறுநாள் பேசப்பட்டது. சாவடிப் பொறுப்பாளர் இலவசமாக உழைக்கும்படி கேட்கப்படவில்லை. அவருக்குரியது அவருக்குக் கிடைத்தது. ஆயினும் இரத்தம் ஒழுகும் மனிதனை வாசலில் கிடத்திவிட்டு, முதலில் பணத்தை எண்ணுங்கள் என்று அவர் சொன்னதாக நற்செய்தியில் இல்லை.

இந்த ‘மறுநாள்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டே நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். ஏனெனில் நம் நாட்டில் அந்தச் சொல்லைச் சட்டமாக்க ஒரு மாநிலம் முயன்றபோது, அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் சாவடிப் பொறுப்பாளர்களே.

இராஜஸ்தான் சட்டப்பேரவை 2023 மார்ச் 21 அன்று நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்குமுன் இத்தகைய சட்டம் இயற்றியதில்லை. அதன் உயிர்நாடியான பகுதி எளிமையானது. விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி போன்ற அவசர நிலையில் வருகிறவருக்கு முன்பணம் கேட்காமல் சிகிச்சை அளிக்க வேண்டும். பின்னர் நோயாளியால் கட்டணம் செலுத்த இயலாவிடில் அரசு ஈடுசெய்யும். சமாரியருடைய வாக்குறுதியை ஓர் அரசு தன் ஏட்டில் எழுதியது என்றே சொல்லலாம்.

தனியார் மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. சட்டம் நிறைவேறுமுன்பே மருத்துவமனைகள் மூடப்பட்டன. செய்ப்பூரில் ஊர்வலங்கள் நடந்தன. காவல்துறை தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. இந்திய மருத்துவச் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. இரண்டு வாரங்களுக்கும் மேலாகத் தனியார் மருத்துவமனைகளின் கதவுகள் அடைந்து கிடக்க, அரசு மருத்துவமனைகளின் தாழ்வாரங்கள் நிரம்பி வழிந்தன. ஏப்ரல் 4 அன்று அரசுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே எட்டு அம்ச உடன்பாடு கையெழுத்தாயிற்று.

மருத்துவர்களின் வாதங்களை மறைத்துவிட்டு அவர்களை எதிர்ப்பது அறமன்று. எனவே அவற்றையும் சொல்வோம். ‘அவசர நிலை’ என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை என்றார்கள். அரசின் ஏனைய திட்டங்களில் வரவேண்டிய தொகையே காலத்தில் வருவதில்லை. இதை யார், எப்போது தருவார் என்றார்கள். குறைதீர்க்கும் குழுக்களில் மருத்துவம் அறியாதவர்கள் அமர்ந்து தங்களைத் தண்டிப்பார்களோ என்று அஞ்சினார்கள். அரசு தன் மருத்துவமனைகளைச் சீர்செய்யாமல் தன் சுமையைத் தங்கள் தலையில் ஏற்றுகிறது என்றார்கள். இவற்றில் எதையும் நாம் பொய் என்று தள்ளமாட்டோம். திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்ற சமாரியர் திரும்பி வராமலே போனால், சிறிய சாவடிகள் மூடப்படும் என்பது உண்மைதான். பத்துப் படுக்கைகளோடு ஒரு சிற்றூரில் கடன் வாங்கி மருத்துவமனை நடத்தும் இளம் தம்பதியரை நமக்கும் தெரியும். அவர்கள் செல்வர்கள் அல்லர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மருத்துவர்கள் சட்டம் இயற்றுவோரை அணுகுவதே தவறு என்று நாம் கருதவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனை ஒன்றுக்குள் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது, நாடெங்கும் மருத்துவர்கள் பாதுகாப்புக் கேட்டு எழுந்தனர். அன்று நம் மனம் முழுவதும் அவர்களோடு நின்றது. மருத்துவருக்குரிய மதிப்பை அவருக்குத் தரவேண்டும் என்று சீராக்கின் ஞானநூலும் 38-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. நோயின் தன்மையை அறிந்தவர் பேசாமல் நோய்க்கான சட்டத்தை யார் செம்மையாக எழுத முடியும்? அவர்கள் பேசட்டும்; பேச வேண்டும். யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

அந்த எட்டு அம்சங்களைப் படித்துப் பாருங்கள். ஐம்பது படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. அரசிடம் நிலமோ கட்டடமோ சலுகையில் பெறாத மருத்துவமனைகளுக்கு விலக்கு. போராட்டத்தில் பதிவான வழக்குகள் திரும்பப் பெறப்படும். உரிமங்கள் ஒற்றைச் சாளர முறையில் வழங்கப்படும். தீயணைப்புத் துறையின் சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். இனி விதிகளில் மாற்றம் வந்தால் இந்திய மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகளைக் கலந்து பேசியே செய்யப்படும்.

அவசர நிலை என்பதற்குத் தெளிவான வரையறை இவற்றுள் எங்கே? ஈட்டுத்தொகை இத்தனை நாளுக்குள் வந்து சேரவேண்டும் என்ற உறுதி எங்கே? அவற்றைக் கேட்டுத்தானே தெருவுக்கு வந்ததாகச் சொன்னார்கள்! அவை கிடைத்திருந்தால் நோயாளியும் பிழைத்திருப்பார், சிறிய மருத்துவமனையும் பிழைத்திருக்கும். கேட்கப்பட்டது திருத்தம், பெறப்பட்டது விடுதலை. கணக்கைச் சரிசெய்யுங்கள் என்று தொடங்கிய பேச்சு, கதவைத் திறக்கும் கடமையிலிருந்து எங்களை விட்டுவிடுங்கள் என்று முடிந்தது. மேசையின் ஒரு பக்கத்தில் அரசு, மறுபக்கத்தில் மருத்துவர்கள். எரிகோ சாலையில் கிடந்தவனுக்கு நாற்காலி இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அங்கே ஆட்சியும் மாறியது. அதுவரை சட்டத்துக்கு விதிகள் நடைமுறைக்கு வரவில்லை. அவன் இன்னும் சாலையோரத்தில்தான் கிடந்தான்.

அக்கடமையை அந்தச் சட்டம்தான் புதிதாகச் சுமத்தியது என்பதும் உண்மையன்று. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காப்பது அவர்தம் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சையை மறுப்பது வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்று 1996-ல் அதே நீதிமன்றம் கூறியது. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் அவசர நோயாளியின் நிலையைச் சீராக்குவதைக் கடமையாக்கியது. கடமை முன்பே இருந்தது. அந்தக் கடமைக்கு ஒரு பணப்பையையும் ஒரு தண்டனையையும் சேர்த்தபோதுதான் எதிர்ப்புக் கிளம்பியது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பார் உளரெனின், அவர்கள் நம் மாநிலத்தையே பார்க்கட்டும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில் வழங்கியது. அவர் எந்த மாநிலத்தவராயினும் தடையில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் அதைச் செய்தன. வானம் இடிந்து விழவில்லை. 2025 மே மாதத்தில் மத்திய அரசும் விபத்தில் சிக்கியோருக்கு ஏழு நாட்கள், ஒன்றரை இலட்சம் ரூபாய் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்தது. அரசு கணக்கைத் தீர்க்க முன்வந்தால், சாவடி கதவைத் திறக்க முடியும். ஆனால் பாம்புக்கடிக்கும் மாரடைப்புக்கும் பேறுகால இரத்தப்போக்குக்கும் சாலையின் அடையாளம் கிடையாதே! அவர்களையும் உட்படுத்தும் சட்டம் நமக்கு வேண்டாமா? 2021-22-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி, மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை நம் மக்கள் சொந்தப் பையிலிருந்தே கொடுத்தனர். எட்டாண்டுகளுக்கு முன்பிருந்த 64.2 விழுக்காட்டை நோக்க இது குறைவுதான். ஆனால் அந்த எஞ்சிய பங்கில்தான் அடகுக்கடை வாழ்கிறது.

கடல் கடந்த ஒரு வரலாறும் இங்கே நினைவுகூரத் தக்கது. கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 1962 ஜூலை முதல் நாள் அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 23 நாட்கள் நீடித்தது. அரசின் ஊழியர்களாகிவிடுவோம், நோயாளிக்கும் எங்களுக்கும் இடையே அரசு வந்து அமர்ந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அந்தத் திட்டத்தின் தந்தையாகிய டாமி டக்ளஸ், பாப்டிஸ்டு சபைப் போதகராக இருந்து அரசியலுக்கு வந்தவர். சிறுவனாக இருந்தபோது எலும்பு நோயால் அவர் கால் வெட்டப்பட இருந்தது. சிறப்பு அறுவை மருத்துவர் ஒருவர் தம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டு இலவசமாக அறுவை செய்து அந்தக் காலைக் காப்பாற்றினார். அவருக்குக் காலமெல்லாம் நன்றி பாராட்டிய டக்ளஸ் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஓர் ஏழைச் சிறுவனின் கால் ஒரு நல்லவர் அவ்வழியே வருவதைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே அது.

இந்த வரலாற்றில் நம்மை நாணச் செய்யும் பக்கம் ஒன்று உண்டு. அந்த வேலைநிறுத்தத்தின்போது மருத்துவர்களுக்கு ஆதரவாக மிகக் கடுமையாக முழங்கியவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு. வில்காக்ஸ் என்னும் சிற்றூரில் நோட்டர் டாம் கல்லூரியை வளர்த்து, பஞ்ச காலத்தில் ஏழை மாணவர்களுக்குக் கல்வி தந்த தந்தை ஆத்தல் மரே அவர். நல்லவர்; ஏழைகளை நேசித்தவர். அவரே வன்முறை வரும், இரத்தம் சிந்தக்கூடும் என்ற பொருள்பட மேடையில் பேசினார். இரத்தம் சிந்தவில்லை. ஓர் உடன்பாடு ஏற்பட்டது; மருத்துவர்கள் தத்தம் மருத்துவமனைகளிலேயே சுதந்திரமாகப் பணிபுரிந்தனர்; அவர்களுக்குரிய கட்டணமும் வந்து சேர்ந்தது. 1966-ல் அதே வழியில் கனடா முழுமைக்கும் சட்டம் பிறந்தது. ஏழைகளை நேசிக்கும் குருவும் ஏழைகளுக்கான சட்டத்தை எதிர்க்கக்கூடும் என்பதை அவர் நமக்குக் காட்டிச் சென்றார். அறம் செய்வது வேறு; நீதி செய்வது வேறு. முன்னதில் தேர்ந்த நாம் பின்னதைக் கண்டு அஞ்சுகிறோம்.

பல் மருத்துவர்களின் கதையும் இவ்வாறே இரு முகம் கொண்டது. 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்குப் பரவியதே காரணம். பல்லைப் பிடுங்க ஏறத்தாழ 80 டாலர் ஆகியிருக்கும். அவனைக் காப்பாற்ற முயன்ற மருத்துவமனைச் செலவு இரண்டரை இலட்சம் டாலர். ஏழைகளுக்கான அரசுத் திட்டத்தில் சிகிச்சை தரும் பல் மருத்துவர் கிடைப்பதே அந்தத் தாய்க்கு அரிதாயிருந்தது. அவனுடைய இறப்புக்குப்பின் குழந்தைப் பல் மருத்துவ வல்லுநர்கள் சட்டமன்றக் குழுக்களின்முன் சென்று சான்று பகர்ந்தனர். எலைஜா கம்மிங்ஸ் போன்ற உறுப்பினர்கள் ஓயாது குரல் கொடுத்தனர். 2009-ல் குழந்தைகள் காப்பீட்டுச் சட்டத்தில் பல் மருத்துவம் கட்டாயமாயிற்று. வல்லுநர் மனு என்பது இப்படியும் இருக்கலாம்!

ஆனால் மருத்துவரே எட்டிப் பாராத அலாஸ்காவின் தொலைதூரப் பழங்குடிக் கிராமங்களில், பயிற்சி பெற்ற பல்நலப் பணியாளர்கள் சொத்தையை அடைப்பதும் பல்லைப் பிடுங்குவதும் கூடாது என்று 2006-ல் வழக்குத் தொடுத்தது அதே நாட்டின் பல் மருத்துவர் சங்கமே. வழக்கு வெல்லவில்லை. முதியோருக்கான மெடிக்கேர் திட்டத்தில் எல்லா முதியோருக்கும் பல் மருத்துவத்தைச் சேர்க்க 2021-ல் முயற்சி நடந்தபோது, ஏழை முதியோருக்கு மட்டும் தனித் திட்டம் போதும் என்று எதிர்த்ததும் அச்சங்கமே. அறிவு ஒன்றுதான், வாயில் ஒன்றுதான். ஒருமுறை சிறுவனின் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். மறுமுறை தொழிலின் எல்லையைக் காக்க நுழைந்தார்கள்.

இதுவரை பிறரைக் குறை கூறினோம். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், எம் பங்கைச் சேர்ந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் நெடுஞ்சாலையில் அடிபட்டார். நோயில்பூசுதல் எண்ணெயோடு நாம் மருத்துவமனைக்கு ஓடியபோது, அவர் தள்ளுவண்டியிலேயே கிடந்தார். முன்பணம் கட்டும் சாளரத்தின் முன்னே அவருடைய தாய் தம் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ‘சாமி, இது போதுமான்னு கேளுங்க சாமி’ என்றார். போதவில்லை. நாம் ஒரு தாளில் கையெழுத்திட்டோம். அதன்பிறகே வண்டி உள்ளே நகர்ந்தது. அவர் பிழைத்தார், ஒரு காலைச் சற்றே இழுத்து நடக்கிறார். தோடு அடகுக்கடையிலிருந்து திரும்பவில்லை.

அந்தச் சாளரத்துக்கு மேலே திரு இருதய ஆண்டவரின் படம் மாட்டியிருந்தது. ஆம், அது நம்மவர் நடத்தும் மருத்துவமனை. அங்கே பணியிலிருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். விதி அப்படி என்றார்கள். நாம் அன்று என்ன செய்தோம்? தனிப்பட்ட முறையில் கையெழுத்திட்டு ஒருவரைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு பங்கு இல்லம் திரும்பினோம். அந்த விதியை மாற்றுங்கள் என்று யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை. நம்மவர் மனம் புண்படுமே என்று எண்ணினோம். கையெழுத்திடச் சாமியார் இல்லாத இரவுகளில் அந்தத் தள்ளுவண்டியில் கிடந்தவர்கள் யார் யார் என்ற கேள்வி, காலம் கடந்துதான் நம்மை உறுத்தத் தொடங்கியது. இக்கட்டுரை அந்தக் கடிதத்துக்கு ஈடாகட்டும்.

திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963-ல் ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடலில் மருத்துவ கவனிப்பை மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணினார். உரிமை என்றால் அதற்கு எதிரே ஒரு கடமை உண்டு. கடமை என்றால் அதை நிறைவேற்றச் சட்டமும் நிதியும் வேண்டும். இதை ஏதோ ஒரு கட்சியின் கொள்கை என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

நம் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு மருத்துவர் எப்படி மனுச் செய்ய வேண்டும் என்பதற்கு மாதிரி இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆக்னஸ் மெக்லாரன் ஒரு பெண் மருத்துவர்; நடுவயதுக்குப்பின் கத்தோலிக்கரானவர். ஆண் மருத்துவரிடம் செல்ல வழக்கம் இடம் தராததால், வட இந்தியப் பெண்கள் பேறுகாலத்தில் கவனிப்பாரின்றி மடிவதை அறிந்தார். இராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை தோன்ற உழைத்தார். அருட்சகோதரிகள் மருத்துவம் கற்றுப் பணிசெய்தால் இப்பெண்கள் பிழைப்பார்களே என்று எண்ணினார். ஆனால் திருச்சபைச் சட்டம் அதைத் தடுத்தது. முதிய வயதிலும் பலமுறை உரோமைக்குச் சென்று சட்டம் இயற்றுவோரின் கதவைத் தட்டினார். 1913-ல் இறக்கும்வரை கதவு திறக்கவில்லை. அவருடைய கடிதங்களால் தூண்டப்பட்ட அன்னா டெங்கல் மருத்துவரானார். 1925-ல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-ல் உரோமை தன் சட்டத்தை மாற்றியது. மெக்லாரன் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. தாம் ஒருபோதும் காணப்போகாத பெண்களுக்காகக் கேட்டார்.

எம் பங்கிலும் உங்கள் பங்குகளிலும் மருத்துவர்களாகவும் பல் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் இருக்கும் அன்பு இறைமக்களே! உங்கள் சங்கம் அடுத்த முறை அமைச்சருக்கு மனு எழுதும்போது, கையெழுத்திடுமுன் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: இந்தத் தாளில் நோயாளிக்காக ஒரு வரியாவது உண்டா? இல்லையெனில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் கட்டணம் காலத்தில் வரவேண்டும் என்று உரத்துக் கேளுங்கள். நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம். அதற்கென ஒரு நிதியை முன்கூட்டியே ஒதுக்கவும், நாட்கெடு விதிக்கவும் அரசை நெருக்குவோம். ஆனால் கதவைத் திறக்கும் கடமையிலிருந்து விலக்குக் கேட்காதீர்கள். விதிகளைப் பேசும் மேசையில் நோயாளிகளுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்டால் மறுப்பார் இரார்.

நம் மருத்துவமனைகளை நடத்தும் அருட்தந்தையரே, அருட்சகோதரிகளே! சட்டம் வரட்டும் என்று நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? அவசரப் பிரிவின் வாசலிலிருந்து அந்தச் சாளரத்தை அகற்றி உள்ளே தள்ளி வையுங்கள். முதலில் இரவு கழியட்டும். மறுநாள் கணக்குப் பேசுவோம்.